காளானுக்கும் ஒரு தெர்மின்

ஹனோவரில் இருபத்தேழு வருடம் இருந்தும் றெஜினோல்ட் ஓர் இலையுதிர்காலத்தைப் பகல் வெளிச்சத்தில் முழுதாகப் பார்த்ததில்லை. பாண் தொழிற்சாலையில் அவருக்கு எந்நாளும் இரவு வேலை. ஊர் எழும்பும் நேரத்தில் அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பார். மரங்கள் மஞ்சளாவதும் கொட்டுவதும் அவருடைய தூக்கத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். அந்த வருடம் எடுக்காத விடுமுறை நாட்களெல்லாம் சேர்ந்து கிடந்தன. ஒக்டோபருக்குள் எடுத்து முடிக்கச் சொல்லி மேலாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்று வாரம். முதல் இரண்டு நாளும் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சமையலறைக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி பேர்பெச்சுவா வயோதிபர் இல்லத்தில் வேலை முடித்து வந்து பார்த்தால், வெங்காயத்தையெல்லாம் அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தார்.

எர்லாங்கனில் வேலை பார்க்கும் மகள் பிறேமாதான் தொலைபேசியில் ஒரு வழி சொன்னாள்.

"அப்பா, பேனை எடுங்கோ. ஹெர்ப்ஸ்டில, இலை கொட்டுற காலத்தில, செய்யவேண்டியது அஞ்சு. ஒண்டு, தோட்டத்தில போய் அப்பிள் புடுங்கிறது. ரெண்டு, பூசணிக்காய்ச் சந்தை. மூண்டு, புது வைனும் வெங்காயக் கேக்கும்."

"வெங்காயத்தில கேக்கோ? ஆரடி அதைத் தின்னுறது?"

"தின்னுங்கோ, பிறகு சொல்லுங்கோ. நாலு, காட்டுக்க நடந்து காளான் தேடுறது. அஞ்சு, பட்டம் விடுறது. ஒவ்வொண்டும் முடிய எனக்குப் படம் அனுப்பவேணும்."

"ஓம் மேடம்," என்றார் றெஜினோல்ட்.

தேவாலயக் கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவர் அதை முத்து முத்தான எழுத்தில் எழுதி, கேவலார் திருத்தலத்தில் வாங்கிய மாதா காந்தத்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். அப்பிள் புடுங்கி வந்த அன்று முதலாவதற்கு நேரே ஒரு சரி போட்டார். பூசணிக்காய்ச் சந்தையில் தன் இடுப்பளவு பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி படம் எடுத்தார். வெங்காயக் கேக்கை இரண்டு தரம் வாங்கித் தின்றார். ஐம்பத்தெட்டு வயது மனுசனின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பேர்பெச்சுவா கன காலமாகக் கண்டதில்லை. அதனால்தான் பின்னால் நடந்தவற்றில் பாதி நடந்தது என்று அவள் இன்றைக்கும் நினைக்கிறாள். அந்த வெளிச்சத்தை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நாலாவதற்கு அவர்கள் ஒரு வியாழக்கிழமை போனார்கள். ரயிலில் அரை மணித்தியாலம், பிறகு மலையடிவாரத்துக் காட்டுக்குள் நடை. முந்தின நாள் முழுக்க மழை. காடு நனைந்து கறுத்துக் கிடந்தது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. ஓக் மரங்களிலிருந்து இடைக்கிடை ஒரு கொட்டை விழும். அந்தச் சத்தத்துக்கே பேர்பெச்சுவா திரும்பிப் பார்த்தாள். மூடுபனி இறங்கி வரவர, தாங்கள் வந்த பாதை பின்னால் அழிந்துகொண்டு வருவதுபோல் அவளுக்குத் தோன்றியது.

"திரும்புவமே? நல்லாக் குளிருது."

"படம் எடுக்காமல் போனால் உம்முடைய மகள் என்னை விடுவாளோ?" என்றவர், சட்டென்று குந்தினார். "இஞ்சாரும்! ஓடிவாரும்!"

ஓக் மரத்தின் அடியில் இலைச் சருகை விலக்கினால், ஆறேழு காளான்கள். தலை வெளிறிய பச்சையாக, எண்ணெய் பூசினதுபோல மினுங்கியது. கீழே தண்டைச் சுற்றி, உடைந்த முட்டைக் கோதுபோல ஒரு வெள்ளை உறை.

"பாத்தீரே உறையை? எங்கட வைக்கல் காளான்! வைக்கல்போர் நனைஞ்சு மூண்டாம் நாள் இப்பிடித்தான் முட்டையை உடைச்சுக்கொண்டு வரும். மன்னாரில இதைத் தின்னாத பிள்ளை இல்லை."

"அது சாம்பல் நிறமெல்லே. இது பச்சையாக் கிடக்கு."

"இந்தக் குளிருக்கு மனுசரே வெளிறிப் போயிட்டினம். காளானுக்கென்ன?"

அவள் சிரித்துவிட்டாள். ஒன்றின் ஓரத்தை நத்தை கடித்திருந்தது. நஞ்சென்றால் நத்தை தின்னுமோ என்று கேட்டுக்கொண்டே அவர் ஒவ்வொன்றாக அடியோடு கிளப்பித் துணிப்பைக்குள் வைத்தார். பைக்குள்ளிருந்து மெல்லிய, தேன் போன்ற ஒரு வாசம் வந்தது.

திரும்பி வரும் பாதையில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தார்கள். எழுபது வயதிருக்கும். சிவப்பு மழைச்சட்டை, கையில் பிரம்புக் கூடை. கடந்து போனவள் நின்று, திரும்பி வந்து, கேட்காமலே அவருடைய பைக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

றெஜினோல்டுக்கு இந்த முகம் பழக்கமானது. இருபத்தேழு வருடத்தில் அவரைத் தெருவில் மறித்த ஜெர்மன்காரர் எல்லாருக்கும் இந்த முகம்தான். குப்பையைத் தவறான தொட்டிக்குள் போட்டபோது, ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தபோது, சைக்கிளைப் பிழையான பக்கம் ஓட்டியபோது. மறித்தால் சட்டம் சொல்லத்தான். காட்டில் அளவுக்கு மேல் காளான் எடுக்கக் கூடாதென்று அவர் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். ஆகவே அவள் வாயைத் திறக்கும் முன்னரே, "சொந்தப் பாவனைக்கு மட்டும், இரண்டு பேருக்கு மட்டும்" என்று ஜெர்மனில் பணிவாகச் சொல்லி, பையை முதுகுப்பக்கம் மறைத்தார்.

அவள் தலையை ஆட்டினாள். அவரோடு பேசிப் பயனில்லை என்று கண்டு பேர்பெச்சுவாவின் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு சட்டைப் பையிலிருந்து கடையில் பில்லாகத் தந்த ஒரு துண்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கூடையின் மேல் வைத்து எழுதி, பேர்பெச்சுவாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். அவளுடைய கை ஐஸ் மாதிரி இருந்தது.

பேர்பெச்சுவாவுக்கு எல்லாம் விளங்கியது. பத்தொன்பது வருடம் வயோதிபரோடு வேலை செய்தவள். பல் இல்லாத வாயிலிருந்து வரும் ஜெர்மனும் அவளுக்கு விளங்கும். இது சாகடிக்கும் சாதி என்றாள் அந்தப் பெண். ஒன்று போதும் என்றாள். என்னை நம்பாவிட்டால் சனிக்கிழமை போய்க் காட்டுங்கள் என்றாள்.

"என்னவாம்?" என்றார் றெஜினோல்ட், அவள் போன பிறகு. இரவெல்லாம் இயந்திரங்களோடு வேலை செய்தவருக்கு, மனப்பாடம் செய்த வசனங்களுக்கு மேல் ஜெர்மன் பிடிபட்டதில்லை.

"இது... கூடாத சாதியா இருக்கலாமாம். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு இடத்தில காளான் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினமாம். கொண்டுபோய்க் காட்டட்டாம்."

றெஜினோல்ட் பாதையின் நடுவில் நின்றுவிட்டார்.

"காளானுக்கும் தெர்மின் எடுக்கவேணுமோ இந்த நாட்டில?"

வைத்தியரைப் பார்க்கவும் அலுவலகங்களுக்குப் போகவும் முன்கூட்டியே நேரம் குறிக்கும் அந்தத் தெர்மின்களிலேயே அவருடைய இருபத்தேழு வருடமும் போயிருந்தது. சொல்லிவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்காமல் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார். "அன்ராக், விண்ணப்பப் படிவம் தந்தவவோ? மூண்டு கொப்பி நிரப்பி, காளானின்ரை பிறப்புச் சான்றிதழும் வேணுமாமோ?" பேர்பெச்சுவாவும் சிரித்தாள். கடைத் துண்டை மடித்து மழைச்சட்டைப் பைக்குள் வைத்தாள். சாகடிக்கும் என்ற சொல்லை விழுங்கிவிட்டாள். அவளுடைய இல்லத்தில் யன்னல் காற்றும் சாகடிக்கும், பழைய சோறும் சாகடிக்கும். இந்த நாட்டு வயதானவர்களுக்கு எல்லாமே சாகடிக்கும். அதோடு, வீட்டில் மஞ்சள் இருந்தது. போட்டுப் பார்ப்போம், கறுத்தால் கொட்டிவிடுவோம் என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர்கள் வீட்டில் வெள்ளியில் இறைச்சி இல்லை. காளானைக் கழுவி, கிழித்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தாள். அவளுடைய தாய் அப்படித்தான் பார்ப்பாள்: நஞ்சென்றால் தண்ணீர் கறுக்கும். பேர்பெச்சுவா அடுப்படியை விட்டு நகராமல் நின்றாள். தண்ணீர் கொதித்தது, நுரைத்தது, கடைசிவரை பொன் மாதிரி மஞ்சளாகவே இருந்தது. "மாதாவே, நன்றி," என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு வறுத்த மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகமும் தேங்காய்ப்பாலும் விட்டு இறைச்சிக்கறிபோல வற்ற வைத்தாள்.

சாப்பிட வரச் சொல்லியிருந்த வின்சன்ற், றெஜினோல்டோடு வேலை செய்பவன், ஆள் குறைவென்று வேலைத்தலத்தில் பிடித்துவிட்டார்கள் என்று தொலைபேசியில் சொன்னான். "எனக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கோ அக்கா." எடுத்து வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று தரம் சோறு போட்டுத் தின்ற றெஜினோல்ட், கடைசியில் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுப் பிரட்டினார். எல்லாரும் தின்ற பிறகு தின்பதுதான் பேர்பெச்சுவாவின் வழக்கம். அவளுக்குக் கிடைத்தது கரண்டி அளவு குழம்பு.

"இறைச்சி தோத்துப் போச்சு," என்றார் அவர். "அந்த மனுசியைக் கண்டால் ஒரு கிண்ணம் குடுக்கவேணும்." நாலாவதற்கு நேரே சரி போட்டார்.

சனிக்கிழமை விடியப்புறம் அவருக்கு வயிறு புரட்டத் தொடங்கியது. விடிந்தபோது குளியலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து இருந்தார். தண்ணீர் குடித்தால் தண்ணீரே திரும்பி வந்தது. பேர்பெச்சுவாவுக்கும் இரண்டு தரம் வயிற்றால் போனது, ஆனால் காலையில் நின்றுவிட்டது.

ஒன்பது மணிக்கு வின்சன்ற் கோலாப் போத்தலும் உப்புக் குச்சிப் பிஸ்கட்டும் கொண்டுவந்தான். வயிற்றுக்கு இந்த நாட்டார் எல்லாருக்கும் கொடுக்கும் மருந்து அதுதான்.

"ஊர் முழுக்க இதுதான் றெஜி அண்ணை. எங்கட பகுதியில நாலு பேர் படுத்திட்டினம். அதுதான் நேற்று என்னைப் பிடிச்சவங்கள்."

"காளானோ தெரியேல்லை..." என்றாள் பேர்பெச்சுவா.

றெஜினோல்ட் கண்ணைத் திறந்தார். "நீரும் தானே திண்டனீர். மஞ்சள் கறுத்ததோ?"

"இல்லை."

"பிறகென்ன."

"ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போவமே? எழும்புங்கோ."

"சனிக்கிழமை அவசரப் பிரிவில ஆறு மணித்தியாலம் கதிரையில இருத்தி வைப்பாங்கள். என்னால இருக்க ஏலாது. படுத்தால் சரி."

சுவர் மணிக்கூடு பத்தைக் காட்டியபோது பேர்பெச்சுவா சமையலறையில் தனியே நின்றாள். ஏதோவொரு கட்டடத்தில், ஒரு மேசைக்குப் பின்னால், காளான் தெரிந்த ஆட்கள் இப்போது காத்துக்கொண்டிருப்பார்கள். காட்டுவதற்கு அவளிடம் எதுவும் இல்லை. கழித்த துண்டுகள் மட்டும் சமையல் கழிவு போடும் பயோ தொட்டிக்குள் கோப்பித்தூளோடு கிடந்தன. அவள் தொட்டியின் மூடியைத் திறந்தாள். பிறகு மூடினாள். பதினொன்று அடித்தது. பன்னிரண்டு அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தானாக எழும்பி வந்து கோப்பி கேட்டார்.

பேர்பெச்சுவாவின் கையிலிருந்த செபமாலை கீழே விழுந்தது. வாந்தி இல்லை, வயிற்றோட்டம் இல்லை. முகம் கொஞ்சம் வற்றியிருந்ததே தவிர, மனுசன் பழைய மனுசன்தான். ஒரு துண்டு பாண் தின்றார். யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினார்.

"இந்தக் காத்தை விட்டால் பிறகு கிடையாது. வின்சன்றைக் காரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லும். அஞ்சாவதையும் முடிப்பம்."

"இண்டைக்குப் படுத்திருங்கோ. பட்டம் எங்கயும் ஓடாது."

"எனக்குச் சுகம் எண்டுறன். நீர் என்ன செத்தவீடு மாதிரி நிக்கிறீர்?"

குரோன்ஸ்பெர்க் மேட்டில் அன்று பாதி நகரம் நின்றது. பிள்ளைகள், நாய்கள், வானம் நிறையப் பட்டங்கள். றெஜினோல்ட் கடையில் வாங்கிய நீலச் சுறாப் பட்டத்தை வின்சன்ற் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட, மூன்றாவது தரத்தில் அது காற்றைப் பிடித்து எழும்பியது.

"வானத்தில சுறா பிடிச்ச முதல் மன்னார்க்காரன் நான்தான்!" என்று அவர் கத்தினார்.

"வலையை இறுக்கிப் பிடியுங்கோ அண்ணை, அது உங்களைக் கடலுக்க இழுத்துக்கொண்டு போயிடும்!"

பேர்பெச்சுவா தள்ளி நின்று படம் எடுத்தாள். குளிருக்குக் கையை மழைச்சட்டைப் பைக்குள் விட்டபோது காகிதம் தட்டுப்பட்டது. வெளியே எடுத்து, முதல் தடவையாக முழுதாக வாசித்தாள். முதல் வரியில் இடமும் நேரமும். இரண்டாவது வரியில், அவள் காட்டில் கவனிக்காத ஒரு தொலைபேசி இலக்கம், நஞ்சு அவசர உதவிக்கு என்று எழுதி அடியில் இரண்டு கோடு கிழித்திருந்தது. அதற்குக் கீழே சாய்வான எழுத்தில் ஒரு வரி: சாப்பிட்டுவிட்டால் உடனே கூப்பிடுங்கள், நலமாக இருந்தாலும்.

நலமாக இருந்தாலும். அந்தச் சொற்களை அவள் மூன்று தரம் வாசித்தாள்.

இலக்கத்தை அழுத்தினாள். ஓர் இளம் பெண்ணின் குரல். எந்தக் காளான், எங்கே பிடுங்கியது, எவ்வளவு, எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. பேர்பெச்சுவா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நேற்று முழுக்க வாந்தி என்றாள்.

"இப்போது எப்படி இருக்கிறார்?"

"இப்போது நல்ல சுகம். பட்டம் விடுகிறார்."

பட்டங்களின் வால் காற்றில் படபடத்தது. பிறகு அந்தக் குரல், முன்னிலும் மெதுவாக, மிகத் தெளிவாகச் சொன்னது: "தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். இரண்டாம் நாள் சுகமாவதும் இந்த நஞ்சின் வேலைதான். வயிறு அமைதியாகும், உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். அவரை இப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்கிறீர்கள்?"

அவள் மேட்டில் ஏறி நடந்தாள். புல் நீளமாகக் கிடந்தது. அவர் அவளைக் கண்டு, நூலை அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தாரும், பிடியும். எப்பிடி இழுக்குது பாரும்!"

"இஞ்சாருங்கோ, போவம். ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். அந்தக் காளான்..."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவர். சிரிப்பு மெல்ல இறங்கியது. பிறகு மேலே, சுறாவைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம்," என்றார். "இதை இறக்கிப்போட்டு வாறன்."

அவள் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்தாள். அதனால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர்கள் பிறகு சொன்னார்கள்.

திங்கட்கிழமை அவருடைய கண்கள் மஞ்சளாகின. அவித்த தண்ணீரின் அதே மஞ்சள். செவ்வாய்க்கிழமை கட்டிலில் கிடந்தபடி, பாண் தட்டுகளை உலைக்குள் தள்ளச் சொல்லி யாரையோ ஏவிக்கொண்டிருந்தார். புதன்கிழமை மாற்று ஈரலுக்கான பட்டியலில் பெயர் எழுதினார்கள். வந்திறங்கிய பிறேமா கையைப் பிடித்தபோது, "வெங்காயக் கேக் நல்லாத்தான் இருந்தது," என்றார். அதுதான் கடைசியாக விளங்கிய வசனம். ஈரல் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, காளான் தின்று சரியாக ஒரு கிழமையில், றெஜினோல்ட் போய்விட்டார்.

நடுவில் ஒருநாள், ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு மருத்துவர் கேட்டார்: யாராவது உங்களை எச்சரித்தார்களா? கதிரையில் பிறேமாவும் இருந்தாள். பேர்பெச்சுவா இல்லை என்று தலையாட்டினாள். மருத்துவர் எழுதிக்கொண்டு போனார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், பிறேமா சமையலறையில் நின்று பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு சரி. ஐந்தாவதற்கு நேரே வெறுமை.

"நான்தானம்மா," என்றாள். "நாலாவது நான் சொன்னது. அப்பாவுக்குக் காளான் எண்ட ஞாபகமே வந்திராது. நான் வாய் மூடிக்கொண்டு இருந்திருந்தால்."

"அப்பிடிச் சொல்லாதை, பிள்ளை."

"பிறகு ஆர்? ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லைத்தானே. நான் எழுதுவிச்சன், நீங்கள் போனியள்." அழவில்லை. ஒரு கணக்கைத் தீர்த்து வைப்பதுபோல வறண்டுபோய்ச் சொன்னாள். இந்தப் பிள்ளை இதை எர்லாங்கனுக்குக் கொண்டுபோகப் போகிறாள், ஆயுசு முழுக்கச் சுமக்கப் போகிறாள் என்று பேர்பெச்சுவாவுக்குத் தெரிந்தது.

அவள் எழும்பிப் போய், கதவடியில் தொங்கிய மழைச்சட்டைக்குள் கையை விட்டாள். கடைத் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மடிப்பு நீவினாள்.

"ஒரு மனுசி சொன்னவ. பாதையில மறிச்சுச் சொன்னவ. சாகடிக்கும் எண்டு சொன்னவ. கொப்பருக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கினது. நான் அந்தச் சொல்லை அவருக்குச் சொல்லேல்லை."

பிறேமா வாசித்தாள். கடைசி வரியை அடைந்தபோது அவளுடைய விரல் அங்கேயே நின்றது. வெளியே பக்கத்து வீட்டுக்காரர் சருகு கூட்டும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி தொடங்கியது. பேர்பெச்சுவா கத்தலை எதிர்பார்த்து இருந்தாள்.

பிறேமா கேட்டாள்: "அந்த மனுசி போன பிறகு அப்பா என்ன சொன்னவர்?"

"சிரிச்சவர்."

"என்ன சொல்லிச் சிரிச்சவர்?"

"காளானுக்கும் தெர்மின் எடுக்கவேணுமோ எண்டு," என்றாள் பேர்பெச்சுவா.

பிறேமாவின் வாய் கோணியது. சிரிப்பு அவளை அறியாமலே வந்துவிட்டது, தகப்பனின் அதே சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டாள். அது எந்த இடத்தில் அழுகையானது என்று பக்கத்தில் இருந்த தாய்க்கும் தெரியவில்லை.